சொல்லும் பொருளும்: 'சாரி'



சென்ற தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டியார் இறைவனடி சேர்ந்தார். பெங்களூரில் பணியாற்றும் அவருடைய மகனோடு ஓர் ஆங்கிலேயரும் அடக்கச் சடங்கிற்கு வந்திருந்தார். மகனுக்கு அலுவலகத்தில் மேலாளராம். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் இட்டு முடிந்தபின், அவர் குடும்பத்தார் ஒவ்வொருவரின் கையையும் பற்றித் தாழ்ந்த குரலில் 'ஐ ஆம் சோ சாரி' என்று சொல்லிக்கொண்டு வந்தார். மூதாட்டியாரின் பேரன் ஏழாம் வகுப்பில் படிப்பவன். தன் முறை வந்ததும் நிமிர்ந்து நின்று, 'இட்ஸ் ஓகே சார், பரவாயில்லை' என்றான். அருகில் நின்றோர் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். சித்தப்பா தலையில் ஒரு குட்டு வைத்தார். மாலையில் பையன் நம்மிடம் வந்து கேட்டான்: "சாமி, பாட்டி செத்ததுக்கு அவர் ஏன் மன்னிப்புக் கேக்கணும்? அவர் என்ன செஞ்சார்?"

கேள்வியில் பிழையே இல்லை. அவன் அறிந்த 'சாரி' குற்றம் செய்தவன் சொல்லும் சொல். அந்தத் துரை சொன்ன 'சாரி' துக்கத்தில் பங்கு கொள்பவன் சொல்லும் சொல். ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் எவ்வாறு குடிபுகுந்தன? அதை ஆராயும்போது நம் வீட்டுச் சச்சரவு முதல் நாடாளுமன்றப் பேருரை வரை பலவும் தெளிவாவதால், இம்மாதம் இச்சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

இன்று நம் வீடுகளில் இது ஏறக்குறையத் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. பேருந்தில் காலை மிதித்தவர் 'சாரி' என்கிறார். சில்லறை இல்லாத கடைக்காரர் 'சாரி' என்கிறார். எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாவிட்டால் குரலை உயர்த்தி 'சாரி?' என்கிறோம். மனைவியின் மனத்தைப் புண்படுத்திய கணவனும் அதே ஈரெழுத்துச் சொல்லைச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கிறான். காலை மிதித்ததற்கும் மனத்தை மிதித்ததற்கும் ஒரே விலை!

'மனத்தைப் புண்படுத்திய' என்றோமே, சொல்லின் வேரும் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் புண்ணுக்கு, நோவுக்கு 'சோர்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'ஸார்' என்றிருந்தது. அதிலிருந்து பிறந்ததே 'ஸாரிக்' என்னும் பழஞ்சொல். அதுவே இன்றைய 'சாரி'. ஆகவே 'ஐ ஆம் சாரி' என்பதன் முதற்பொருள் 'நான் புண்பட்டிருக்கிறேன், எனக்கு நோகிறது' என்பதே. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' என்னும் சொல்லும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பலர் எண்ணுவர். அங்ஙனமன்று. 'சாரோ' பழைய ஆங்கிலத்தில் 'சோர்க்' என்றிருந்தது. ஜெர்மன் மொழியில் கவலையைக் குறிக்கும் 'ஸோர்கே' அதற்கு உறவு. ஒலியும் பொருளும் நெருங்கியிருந்தமையால், அண்டை வீட்டுக்காரர் சாயல் படிவது போல, ஒன்றின் ஒலி மற்றொன்றின்மேல் படிந்தது, அவ்வளவே. வேறொரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மானியர் 'மிகவும்' என்பதற்கு வழங்கும் 'ஸேர்' என்னும் சொல்லும் இந்தப் புண்ணிலிருந்தே வந்தது. 'நோகுமளவுக்கு' என்பதே தேய்ந்து 'மிகவும்' ஆயிற்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இடையர்களின் அச்சத்தைச் சொல்லுமிடத்திலும் 'சோர்' என்பது 'மிக' என்னும் பொருளில்தான் ஆளப்பட்டுள்ளது.

எனவே கல்லறைத் தோட்டத்தில் அந்தத் துரை சொன்னது சொல்லின் பழைய பொருள். பள்ளிக்கூடத்தில் நம் பையன் கற்றது அதன் பிற்காலப் பொருள். உமக்கு நொந்தது எனக்கும் நோகிறது என்பது முதலாவது. உம்மை நோகச் செய்தவன் நானே, அது எனக்கும் நோகிறது என்பது இரண்டாவது. இரண்டாவதிலும் அந்த நோவு இருக்க வேண்டும். நோவில்லாத 'சாரி' இலக்கணப்படியே பொய்யாகும்.

இலக்கணம் என்றவுடன் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 'சாரி' ஆங்கிலத்தில் பெயரடை. வினை அன்று, கேட்டு வாங்கும் பொருளும் அன்று. 'ஹி ஆஸ்க்டு மி சாரி' என்று நம் பிள்ளைகள் எழுதுவது, 'மன்னிப்புக் கேட்டான்' என்னும் தமிழை அப்படியே ஆங்கிலச் சட்டைக்குள் நுழைப்பதால் வரும் பிழை. மன்னிப்பைக் கேட்கலாம், அது பிறர் கையில் இருப்பது. 'சாரி'யைக் கேட்க இயலாது. அது சொல்பவனின் நெஞ்சில் இருப்பது. மற்றுமொரு எச்சரிக்கை: 'சாரி' என்பதன்பின் 'ஃபார்' சேர்த்து ஆளைச் சொன்னால் இரக்கமாகும், சில வேளைகளில் இகழ்ச்சியுமாகும். நாம் தீங்கிழைத்த ஒருவரிடம் போய் 'ஐ ஆம் சாரி ஃபார் யூ' என்றால், 'உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது' என்று சொன்னதாகிவிடும். செய்த செயலைச் சொல்லியே வருந்த வேண்டும்.

இனி இதன் உறவுச் சொற்கள். முதலில் 'அப்பாலஜி'. விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் இதுதான் மதிப்புக்குரிய மன்னிப்புச் சொல். ஆனால் இதன் பிறப்பு முற்றிலும் மாறானது. கிரேக்க மொழியில் 'அப்பொலொகியா' என்பது வழக்கு மன்றத்தில் தன் பக்க நியாயத்தை எடுத்துரைக்கும் பேச்சு. கி.மு. 399-இல் ஏத்தென்சு நகர மன்றத்தில் சாக்ரடீசு தம்மைக் காத்துப் பேசியதைப் பிளேட்டோ எழுதிய நூலுக்கு இப்பெயர்தான். அந்த நூலில் சாக்ரடீசு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, நஞ்சைத்தான் பெற்றார். இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தினார் உரோமைப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்குக் கிறிஸ்தவர்களின் நியாயத்தை எழுதியனுப்பியதும் 'அப்பொலொகியா'வே. 1864-இல் சார்லஸ் கிங்ஸ்லி என்பவர், உண்மை பேசுவதைக் கத்தோலிக்கக் குருக்கள் பொருட்படுத்துவதில்லை என்று எழுதியபோது, ஜான் ஹென்றி நியூமன் தம் வாழ்வின் வரலாற்றையே விடையாக எழுதி அதற்கும் இப்பெயரைச் சூட்டினார். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. நாம் குருமடத்தில் பயின்றபோது 'அப்பாலஜெட்டிக்ஸ்' என்றொரு பாடத்தின் பெயரைக் கேட்டு, திருச்சபை இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறதா என்று வியந்த மாணவர் ஒருவர் எம் வகுப்பில் இருந்தார். யாரென்று சொல்லமாட்டோம்.

நியாயம் பேசுதல் என்று பொருள்பட்ட சொல், பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தவற்றை ஏற்று வருந்துதல் என்று பொருள்படலாயிற்று. ஆயினும் பழைய வாசனை போகவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, மூன்றாம் வாக்கியத்தில் தம் நியாயத்தை வாதாடிக்கொண்டிருப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

'எக்ஸ்கியூஸ்' அதைவிட வெளிப்படையானது. இலத்தீனில் 'காவுசா' என்றால் காரணம், வழக்கு. அதற்கு முன் 'வெளியே' என்னும் 'எக்ஸ்' சேர்ந்தது. வழக்கிலிருந்து தன்னை வெளியே எடுத்துக்கொள்ளுதல் என்பது பொருள். பிரித்தானியர் வழக்கில், செய்யப்போகும் சிறு தொல்லைக்கு முன்னதாக 'எக்ஸ்கியூஸ் மி'. செய்துவிட்ட தொல்லைக்குப் பின்னதாக 'சாரி'. வழிவிடக் கேட்கும்போது முன்னது, இடித்துவிட்டால் பின்னது. அமெரிக்கர் இரண்டுக்குமே முன்னதை வழங்குவதும் உண்டு. எவ்வாறாயினும், 'சாரி'யும் 'எக்ஸ்கியூஸ்'உம் ஒரே மூச்சில் வந்தால் முன்னதைப் பின்னது விழுங்கிவிடும். இதை நாம் நூலிலிருந்து கற்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில், நாம் ஒரு பெரிய பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு கிளைக் கிராமத்தில் நெடுநாள் நோயுற்றிருந்த ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்க வேண்டுமென்று பின்னிரவில் ஆள் வந்தது. அதே வீட்டிலிருந்து அதற்கு முன் இரண்டு முறை ஆள் வந்து, இரண்டு முறையும் நோயாளி தேறியிருந்தார். விடிந்ததும் வருகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டோம். காலைத் திருப்பலி முடித்து, காலை உணவையும் முடித்தே புறப்பட்டோம். வழியில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சரானது. சாலையோரக் கடையில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் உயிர் பிரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற அவர் மனைவியிடம் நாம் சொன்னவை நான்கே சொற்கள்: 'சாரிம்மா, வழியிலே வண்டி பஞ்சர்.' வண்டி பஞ்சரானது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நாம் சொன்னதாக நினைவில்லை. அந்த அம்மையார் மறுமொழி கூறவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எம்மை உட்காரச் சொன்னார்.

நிற்க. 'பார்டன்' என்னும் சொல் இலத்தீனின் 'பெர்தொனாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'தொனாரே' என்றால் கொடுத்தல். 'பெர்' என்றால் முழுமையாக. அதைப் பார்த்தே ஜெர்மானிய இனமொழிகள் தம் சொற்களால் ஒன்றைச் சமைத்துக்கொண்டன. அதன் ஆங்கில வடிவம் 'ஃபர்கிவ்'. அதிலும் 'கிவ்' என்னும் கொடுத்தல் இருக்கிறது. ஆக, மேலைமொழிகளில் மன்னிப்பு ஒரு கொடை. நம் அரசியலமைப்பின் 72-ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆம் உறுப்பு ஆளுநருக்கும் வழங்கியிருக்கும் அதிகாரத்தின் பெயரும் 'பார்டன்'தான். மேலிருப்பவர் கொடுக்க, கீழிருப்பவர் பெறுவது.

தமிழில் அதற்கொத்த பழஞ்சொல்லைப் பாருங்கள்: பொறுத்தல். தலைச்சுமையையும் பொறுக்கிறோம், பிறர் குற்றத்தையும் பொறுக்கிறோம். வள்ளுவரின் பதினாறாம் அதிகாரத்திற்குப் 'பொறையுடைமை' என்று பெயர். நம் பாட்டன்மார் சொல்லிய செபங்களில் 'பொறுத்தருளும்' என்றே இருந்தது. இப்போது 'மன்னியும்' என்று சொல்கிறோம். புதிய சொல் எளிதுதான். ஆனால் குற்றம் என்பது யாரோ ஒருவர் சுமந்தே தீரவேண்டிய பாரம் என்னும் குறிப்பு பழைய சொல்லில்தான் இருந்தது என்பது நம் தாழ்மையான எண்ணம்.

'ரிக்ரெட்' என்பதை இறுதிக்கு வைத்தோம். பழைய பிரெஞ்சில் அது இறந்தோரை எண்ணிப் புலம்புதல். இன்றோ அது ஆங்கிலச் சொற்களுள் மிகவும் குளிர்ந்துபோன ஒன்று. நடந்தது நடவாதிருந்தால் நன்று என்னும் அளவோடு நின்றுவிடும்; நடத்தியவர் யாரென்று சொல்லாது. இரயில் நிலையத்தில் வண்டி தாமதமாகும்போது ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் அறிவிப்பதைக் கூர்ந்து கேளுங்கள். இடையூறு 'வருந்தப்படுகிறது' என்று வரும். வருந்துபவர் யாரென்பதற்கு அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. தமிழ் அறிவிப்பிலோ 'வருந்துகிறோம்' என்று வரும். நம் மொழியில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது! 1987-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், ஈரானுக்குப் படைக்கருவிகள் விற்ற விவகாரத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசுகையில், தவறுகள் 'செய்யப்பட்டன' என்றார். இச்செயப்பாட்டு வினை அவருக்கு முன்பும் பின்பும் பலருக்குக் குடையாக உதவியிருக்கிறது.

அரசுகள் இச்சொற்களை எவ்வளவு நுணுக்கமாக எடைபோடுகின்றன என்பதற்கு 2001-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். அவ்வாண்டு ஏப்ரல் 1-இல் தென்சீனக் கடலின்மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதின. சீன விமானி வாங் வெய் மாண்டார். அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா 'அப்பாலஜி' கேட்டது; அமெரிக்கா மறுத்தது. பதினொரு நாள் இழுபறிக்குப் பின் ஒரு கடிதம் எழுதப்பட்டது. அதில் 'வெரி சாரி' இரண்டு இடத்தில் இருந்தது. விமானியின் குடும்பத்தாரின் இழப்புக்காக ஒன்று. வாய்மொழி அனுமதியின்றித் தரையிறங்கியதற்காக மற்றொன்று. அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டது என்றது சீனத் தரப்பு. வருத்தந்தான் தெரிவித்தோம் என்றது அமெரிக்கத் தரப்பு. ஏழாம் வகுப்பு மாணவனைக் குழப்பிய அதே சொல்தான் இரண்டு வல்லரசுகளுக்கும் வழி திறந்துவிட்டது. 24 பேரும் வீடு திரும்பினர்.

ஆனால் இந்தச் சொல்லுக்காக ஒரு மக்களினம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வரலாறு ஆஸ்திரேலியாவுடையது. அந்நாட்டுப் பழங்குடியினரின் பிள்ளைகளை, குறிப்பாகக் கலப்பினப் பிள்ளைகளை, தாயிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ப்பது அரசின் கொள்கையாக இருந்தது. சுமார் 1910 முதல் 1970 வரை, பழங்குடிப் பிள்ளைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்று 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அப்பிள்ளைகளை வைத்திருந்த இல்லங்களுள் நம் திருச்சபையினர் நடத்தியவையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவ்வறிக்கை பரிந்துரைத்தது. அன்றைய தலைமை அமைச்சர் ஜான் ஹோவர்டு இசையவில்லை. முந்திய தலைமுறையின் செயலுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பாகாது என்பது அவர் வாதம். 1999 ஆகஸ்டு மாதம் அவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் 'ஆழ்ந்த, உண்மையான ரிக்ரெட்' இருந்தது, 'சாரி' இல்லை.

அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் பேதம் நூலிழைதான். மக்களோ அந்த நூலிழையை விடுவதாயில்லை. 1998-இலேயே மே 26-ஆம் நாளைச் 'சாரி நாள்' என்று கொண்டாடத் தொடங்கியிருந்தனர். 'சாரி ஏடுகள்' என்று ஊர் ஊராக வைத்து, பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். 2000-ஆம் ஆண்டு மே 28-இல் சிட்னித் துறைமுகப் பாலத்தின்மீது ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் நடந்து சென்றபோது, வானத்தில் ஒரு விமானம் புகையால் அந்த ஒரு சொல்லை எழுதிற்று. இறுதியில் 2008 பிப்ரவரி 13 அன்று, புதிய தலைமை அமைச்சர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து 'சாரி' என்று சொன்னார். ஒரு முறையன்று, மும்முறை. பார்வையாளர் வரிசையில் பிள்ளைப் பருவத்தில் பிரிக்கப்பட்ட முதியோர் அமர்ந்து அழுதனர்.

'ரிக்ரெட்' கொடுக்காத எதை 'சாரி' கொடுத்தது? அந்நாட்டுப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் ஒருவர் இறந்தால் நடக்கும் துக்க முறைமைகள் அனைத்திற்கும் 'சாரி பிசினஸ்' என்று பெயர். உறவினர் தொலைவிலிருந்து வருவதும், கூடியிருந்து அழுவதும் அதில் அடங்கும். அவர்களுக்குச் 'சாரி' இழவு வீட்டுச் சொல். தாயைப் பிரிந்த பிள்ளையும் பிள்ளையைப் பிரிந்த தாயும் நாட்டின் தலைவரிடமிருந்து கேட்க விரும்பியது, உன் இழவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே. நம் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் துரை சொன்ன பொருளும் அதுதானே!

நம் நாட்டுக்கு அந்தச் சொல் இன்னும் வந்தபாடில்லை. 1919 ஏப்ரல் 13-இல் அமிர்தசரசு ஜாலியன்வாலா பாகில் சுட்டுக் கொல்லப்பட்டோர், ஆங்கில அரசின் கணக்குப்படியே 379 பேர். நூறாண்டு நிறைவடைய மூன்று நாள் இருக்கையில், 2019 ஏப்ரல் 10-இல், பிரித்தானியத் தலைமை அமைச்சர் தெரசா மே நாடாளுமன்றத்தில் பேசினார். அவர் தேர்ந்த சொல் 'ரிக்ரெட்'. அவ்வாண்டு செப்டம்பரில் அன்றைய காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அங்கு வந்தார். அரசின் சார்பாகப் பேச எனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டு, வெட்கமும் வருத்தமும் தெரிவித்து, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உடல் சொல்லிய 'சாரி' அது.

அரசுகள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு; வருந்தியதையே குற்ற ஒப்புதலாகக் கொண்டு இழப்பீடு கேட்பார்களோ என்னும் அச்சம். மருத்துவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இதே அச்சம் இருந்தமையால்தான், மன்னிப்புக் கேட்டது ஒன்றினாலேயே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது என்று இங்கிலாந்தில் 2006-இல் சட்டம் செய்தனர். வீடுகளில் நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆதலால் வேறொரு தந்திரம் செய்கிறோம். 'நான் உன்னைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன்' என்பதை, 'உன் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று மாற்றிக்கொள்கிறோம். அந்த 'இருந்தால்' ஒரு சிறிய கதவு. அதன் வழியே குற்றம் முழுவதும் நழுவி எதிராளியின் வீட்டுக்குள் போய்விடும். மேடைத் தலைவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். நம் குடும்பத் தலைவர்களும் சளைத்தவர்களல்லர். பங்குத்தந்தையரையும் சேர்த்தே சொல்கிறோம்.

பாவசங்கீர்த்தனத்திற்கு முன் வேண்டியதெனத் திருச்சபை சொல்லும் வருத்தத்திற்கு ஆங்கிலத்தில் 'கன்ட்ரிஷன்'. இலத்தீனில் அது அரைத்துத் தூளாக்குதல்; நெஞ்சு மாவாதல். 'ரிமோர்ஸ்' என்பதோ மீண்டும் மீண்டும் கடித்தல். நம் பழைய கத்தோலிக்கத் தமிழ் இதற்கு 'மனஸ்தாபம்' என்றது. தாபம் என்றால் எரிச்சல், வெப்பம். ஊர்வழக்கில் மனஸ்தாபம் என்றால் இருவருக்கிடையே உள்ள பிணக்கு. 'உத்தம மனஸ்தாபம்' என்று கேட்ட இக்காலப் பிள்ளைகள், கடவுளோடு என்ன சண்டை என்று திகைக்கிறார்கள். பிணக்கும் அதைத் தீர்க்கும் வருத்தமும் ஒரே எரிச்சலின் பெயரால் வழங்குவது எமக்கு வியப்பளிப்பதில்லை.

முன்பு சொன்ன கிளைக் கிராமத்திற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் திருவிழாவில் மறையுரை ஆற்ற அழைக்கப்பட்டோம். தேர் நிலைக்கு வந்தபின் அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிப் போனோம். அன்றிரவு ஆள் வந்தபோதே புறப்படாமல் படுத்துவிட்டதையும், காலையில் உண்டுவிட்டே வந்ததையும், அவர் கணவர் பூசுதல் இன்றிப் போனதற்கு நாமே காரணம் என்பதையும் சொல்லி, பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றோம். வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சர் ஒட்டினது என் தம்பிதான் சாமி. பத்து நிமிசத்துல ஒட்டிக் குடுத்தேன்னு அன்னைக்கே வந்து சொன்னான்" என்றார். பிறகு உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்து போட்டு, உட்காரச் சொன்னார்.